வழிக்காவல்: பாதியில் விடப்படும் பயணம்

1947க்கு முன் மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கை உடைத்துவிட்டு ஃபோர்ட் கொச்சிக்கு நடந்துபோன ஒருவன், சட்டத்தின் கணக்கில் ஓர் ஆட்சியை விட்டு இன்னோர் ஆட்சிக்குள் நுழைந்தவன். மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவின் ராஜ்யம். அதை ஒட்டிக் கடலோரமாகக் கிடந்த ஃபோர்ட் கொச்சி பிரிட்டிஷ் பகுதி. மலபார் மாவட்டத்தின் ஒரு துண்டாக, சென்னை மாகாணத்தின் கீழ் இருந்தது. பிரிட்டிஷ் மண்ணுக்குள் ஓடிவந்த ஆளைச் சமஸ்தானத்திடம் ஒப்படைப்பதற்கான நடைமுறையை 1903ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்திருந்தது. சமஸ்தானத்துக்கான பிரிட்டிஷ் பிரதிநிதி வாரண்ட் கொடுக்க வேண்டும், அது பிரிட்டிஷ் பக்கத்து மாவட்ட மாஜிஸ்திரேட்டின் மேசைக்குப் போக வேண்டும், அதன் பிறகே ஆள் கைமாறுவான். சந்தைக்குப் போய்வரும் தூரத்துக்கு இத்தனை தாள்! எல்லையை உண்டாக்குவது தூரமில்லை, இந்தத் தாள்தான். நம் ஆக்‌ஷன் படங்களோ எல்லையைத் தூரமாக மட்டுமே பார்க்கின்றன. விமானம் மேகத்தைக் கிழித்து இறங்குகிறது, கறுப்புக் கண்ணாடியுடன் அதிகாரி வெளியே வருகிறார், எல்லை கடந்தாயிற்று. வெளிநாட்டிலிருந்தோ வெளிமாநிலத்திலிருந்தோ பழிவெறி பிடித்த ஒரு குற்றவாளியைக் காவலர் கூட்டிவரும் கதைவகை எங்கே வலுக்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதை இந்த ஓர் இடத்தை வைத்தே சொல்லிவிடலாம். தாளைத் தடையாக ஏற்கும் படம் தேறுகிறது. தாளைத் தூக்கி எறியும் படம் வேறு ஒரு தடையைத் தேடி அலைந்து, கடைசியில் போன ஊரையும் அங்குள்ள மனிதர்களையுமே எதிரியாக்கிக்கொள்கிறது.

முதலில் பலத்தைப் பேசுவோம், ஏனென்றால் அது கொஞ்சநஞ்சமில்லை. காவலரும் கைதியும் சேர்ந்து போகும் பயணத்தில் ஒரு காவலர் தன் அதிகாரத்தின் பெரும்பகுதியை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார். சொந்த ஸ்டேஷன் இல்லை, சொந்த மொழி இல்லை, ஒரு சத்தம் போட்டால் ஓடிவரும் ஏட்டு இல்லை. மறுபக்கம் கைதிக்கு ஒன்றும் குறைவதில்லை. சில வேளைகளில் அந்த ஊர் அவனுடைய ஊராகவே இருந்துவிடுகிறது. ரிட்லி ஸ்காட்டின் ‘பிளாக் ரெயின்’ (1989) இந்தச் சமனின்மையை முழுதாகப் பிடித்த படம். நியூயார்க்கில் பிடிபட்ட சாட்டோ என்ற யகுசாவை ஒசாகாவில் ஒப்படைக்கப் போகிறார்கள் இரண்டு அமெரிக்கக் காவலர்கள். விமான நிலையத்தில் போலீஸ் உடையில் வந்தவர்கள் நீட்டிய ஜப்பானியத் தாளைப் படிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போட்டு, கைதியை அவனுடைய ஆட்களிடமே கொடுத்துவிடுகிறார்கள். இந்தப் படத்தின் அடிதடிகளை மறந்துவிட்டவர்களுக்கும் இந்தக் காட்சி நினைவிருக்கும். துப்பாக்கியால் ஆகாததை ஒரு தாள் செய்துவிட்டது. அதன் பிறகு அந்தக் காவலர்களில் ஒருவரைச் சாட்டோவின் கும்பல் தலைவெட்டிக் கொல்கிறது. பழிவெறி இப்போது மற்றக் காவலருக்கும் தொற்றிக்கொள்கிறது. கடைசியில் சாட்டோ அவர் கையில் சிக்கும்போது கொல்லாமல் காவல் நிலையத்துக்கு இழுத்துவருவதுதான் படத்தின் உச்சம். கொல்வதற்குக் காரணமும் வாய்ப்பும் இருந்தும் கொல்லாமல் கொண்டுவருவது என்ற அந்தச் செயலுக்காகவே இந்தக் கதைவகை பிறந்தது என்று சொல்வேன்.

வழிக்காவல் பணியின் சாரமே அதுதான். ஆயுதப்படைக் காவலர்கள் ஒரு கைதியைச் சிறையிலிருந்து நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும்போது அவன் தப்பக்கூடாது என்பது பாதி வேலை; அவனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்பது மீதிப் பாதி. திகார் சிறையின் விசாரணைக் கைதி ஒருவர், தன்னை நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போகும்போது விலங்கிடுகிறார்கள் என்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குத் தந்தி அடித்தார். 1980இல் அந்தக் கைதியான பிரேம் சங்கர் சுக்லாவின் வழக்கில், காரணத்தை எழுதிவைக்காமல் வழக்கமாக விலங்கு பூட்டுவது மனிதத்தன்மையற்றது என்று தீர்ப்பு எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர், ஓய்வுக்குப் பின் கொச்சியிலேயே வாழ்ந்து 2014இல் அங்கேயே மறைந்தவர். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா 2024 ஜூலையிலிருந்து சில வகைக் குற்றங்களுக்கு விலங்கை மறுபடி அனுமதித்திருக்கிறது. எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்று தெளிவு: விலங்கு ஒரு சட்டக் கேள்வி, அதற்குப் பின்னால் தந்தியும் தீர்ப்பும் இருக்கின்றன. திரையில் அது வெறும் சத்தம். கிளிக் என்று பூட்டப்படும், அடுத்த சண்டையில் உடைக்கப்படும்.

தமிழ்ப் படங்கள் இந்தக் கதைவகைக்குள் வந்த விதம் வேடிக்கையானது. எல்லோரும் போகிறார்கள், யாரும் திரும்பிவருவதில்லை. கௌதம் மேனனின் ‘வேட்டையாடு விளையாடு’ (2006) மிக நேர்த்தியாகத் தொடங்குகிறது. மதுரையில் மகளைப் பறிகொடுத்த காவல் அதிகாரி நியூயார்க்கில் மனைவியோடு கொல்லப்பட, விசாரிக்கும் அதிகாரி ராகவன் அங்கே போகிறார். அந்நிய நகரத்தில் ஒரு இந்திய அதிகாரிக்கு என்ன அதிகாரம் உண்டு என்ற கேள்வி முதல் பாதியில் அவ்வப்போது தலைகாட்டுகிறது. உள்ளூர்த் துப்பறிவாளரோடு சேர்ந்து வேலை செய்யவேண்டியிருக்கிறது, பணிவும் பொறுமையும் தேவைப்படுகின்றன. அந்தக் காட்சிகளில் கமல்ஹாசன் ஒரு தொழில்முறைக் காவலராகவே தெரிகிறார். ஆனால் கொலைகாரர்கள் இருவரையும் எந்த நீதிமன்றமும் பார்ப்பதில்லை. ஹரியின் ‘சிங்கம் 2’ (2013) காவல் அதிகாரி துரைசிங்கத்தைத் தென்னாப்பிரிக்காவரை அனுப்பி, போதைப்பொருள் வியாபாரியைப் பிடிக்க வைக்கிறது. ஓட்டத்துக்கும் கார் துரத்தலுக்கும் கொடுத்த நேரத்தில் சிறு பங்குகூடத் திரும்பிவரும் பயணத்துக்குக் கிடைக்கவில்லை. எந்த நீதிமன்றம் ஒப்படைத்தது, என்ன நிபந்தனையோடு ஒப்படைத்தது என்ற கேள்விகள் எழுந்தால் படத்தின் வேகம் குறைந்துவிடும் என்று பயந்திருக்கிறார்கள். பாதியிலேயே கதையை விட்டுவிட்ட பிறகு வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? லோகேஷ் கனகராஜின் ‘கைதி’ (2019) இந்த விதிக்கு ஒரு குறும்பான விலக்கு. சிறையிலிருந்து வெளியே வந்தவன் மயங்கிக் கிடக்கும் போலீஸ்காரர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறான், கைதியே வழிக்காவல் செய்கிறான். பொறுப்பு ஏற்றவன் கொண்டுசேர்த்தே ஆகவேண்டும் என்ற பிடிமானத்தால்தான் அந்த ஒற்றை இரவு நம்மை உட்கார வைக்கிறது.

தாளைக் கொடுத்துவிட்டு ஊரை எதிரியாக வாங்கிக்கொள்ளும் பண்டமாற்று, வெளிமாநிலத்துக்குப் போகும் படங்களில்தான் அப்பட்டமாகத் தெரிகிறது. எச். வினோத்தின் ‘தீரன் அதிகாரம் ஒன்று’ (2017) பவாரியா கொள்ளையர்களைத் தேடித் தமிழ்நாட்டுப் போலீஸ் வடக்கே போன உண்மைச் சம்பவங்களை எடுத்துக்கொண்டது. ராபி வர்கீஸ் ராஜின் ‘கண்ணூர் ஸ்குவாட்’ (2023) அதே தடத்தில், மம்மூட்டி தலைமையிலான நான்கு பேரை ஒரு பழைய டாட்டா சுமோவில் ஏற்றி வட இந்தியா முழுக்கச் சுற்றவைக்கிறது. இரண்டிலும் பாராட்ட நிறைய உண்டு. கையிருப்புப் பணம் கரைவது, மேலதிகாரி கொடுத்த கெடு நெருங்குவது, வண்டி மக்கர் செய்வது, தூக்கமில்லாத கண்கள் எல்லாம் அரசாங்க வேலையின் அலுப்பை அப்படியே காட்டுகின்றன. ஆனால் இரண்டு படங்களும் தங்கள் பெரிய காட்சியாக வைத்திருப்பது ஒன்றையே: இரவில் ஒரு கிராமமே திரண்டு போலீஸ்காரர்களை வளைத்துக்கொள்கிறது. மாநில எல்லையைக் கடந்து ஒருவரைக் கைதுசெய்தால் உள்ளூர் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, ஆளைக் கொண்டுபோக அனுமதிக்கும் டிரான்சிட் ரிமாண்ட் வாங்கவேண்டும் என்பதும், மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோக 24 மணி நேரமே கெடு என்பதும் அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவிலிருந்து வருபவை. இந்தக் கடிகாரம் வேறெங்கும் கிடைக்காத பரபரப்பை இலவசமாகத் தருகிறது. அதை ஓடவிட்டிருந்தால் கிராமத்தையே கொலைவெறிக் கூட்டமாக்க வேண்டிய அவசியம் வந்திருக்காது. சட்டம் தடையாக இல்லாத கதையில் ஏதாவது ஒன்று தடையாக இருந்தாக வேண்டும். கைக்கு வசதியாகக் கிடைப்பவர்கள் அந்த ஊரின் ஏழைகள்.

தமிழ் வாசகனுக்கு இதில் தனியாக ஒரு சங்கடம் உண்டு. ‘தீரன்’ குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டவர்களின் வரலாற்றைச் சில நிமிடங்கள் விளக்கிவிட்டு, பிறகு அதே முத்திரையை நம்பியே நகர்கிறது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு 1911இல் வந்தபோது, நம் ஊர்களில் அதற்குக் கைரேகைச் சட்டம் என்று பெயர். ஊரே ரேகை வைக்கவேண்டும் என்ற உத்தரவை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரலில் போலீஸ் சுட்டது. அன்றைய போலீஸ் அதிகாரியின் பார்வையில் ஒரு படம் எடுத்திருந்தால், அதிலும் இரவில் தீவட்டியோடு ஊர் திரண்டு வருவதாகத்தான் காட்சி இருந்திருக்கும். வடக்கே போன நம் கேமரா அந்தப் பார்வையைக் கடன் வாங்கிக்கொண்டு போயிருக்கிறது.

மட்டாஞ்சேரிக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும், ஏனென்றால் இதே கேமரா அந்த ஊருக்குள்ளும் இறங்கியிருக்கிறது. 2007இல் வந்த ‘பிக் பி’, ‘சோட்டா மும்பை’ ஆகிய இரண்டும் மேற்குக் கொச்சியின் சந்துகளைத் தாதாக்களின் களமாக மனத்தில் பதியவைத்தன. அமல் நீரதின் ‘பிக் பி’யில் பாலாஜி சக்திவேல் என்ற பெயரில் பசுபதி உதவி ஆணையராக வருகிறார், சட்டத்துக்கு அங்கே பார்வையாளர் வரிசைதான், பழிவாங்கல் தன் போக்கில் நடக்கிறது. அந்தப் படத்தின் ஒளியும் மௌனமும் மலையாள ஆக்‌ஷன் படத்தையே மாற்றியவை என்பதை மறுக்கமாட்டேன். ஆனாலும் அதன் பிறகு கொட்டேஷன் கும்பல் என்ற கூலிப்படை வேண்டுமென்றால் மட்டாஞ்சேரி என்று பல படங்கள் முகவரி எழுதிக்கொண்டன. மசாலாக் கிடங்குகள், கொங்கணிகள், குஜராத்திகள், தமிழர்கள், கச்சிகள், வற்றிப்போன யூதத் தெரு என்று ஒரு சிறிய சதுரத்துக்குள் அத்தனை சமூகங்கள் வாழும் இடம், திரையில் கத்தி வீசுவதற்கேற்ற இருட்டுச் சந்தாகிவிட்டது. ராஜீவ் ரவி இதற்குப் பதில் சொல்வதுபோல ‘அன்னயும் ரசூலும்’ (2013) எடுத்தார். பிறகு ‘துறமுகம்’ (2023) எடுத்தார். பின்னது, வேலைக்குக் காத்திருக்கும் கூட்டத்தின் நடுவே சாப்பா என்ற உலோகச் சில்லை வீசி, முண்டியடித்து எடுப்பவனுக்கே அன்றைய கூலி என்ற முறையை எதிர்த்த மட்டாஞ்சேரித் துறைமுகத் தொழிலாளர்களின் கதை. 1953 செப்டம்பரில் போலீஸ் அவர்களைச் சுட்டது. போலீஸ் ஓர் ஊருக்குள் வரும்போது அந்த ஊர் ஏன் சேர்ந்து நிற்கிறது என்பதற்கு மட்டாஞ்சேரியிடம் ஒரு காரணம் இருக்கிறது. வடக்கத்திக் கிராமத்திடமும் ஏதோ ஒரு காரணம் இருக்கலாம் என்று நினைக்கும் படம் அரிது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு: இதெல்லாம் உண்மையாகவே நடந்தது, வெளிமாநிலங்களில் போலீஸார் தாக்கப்பட்டிருக்கிறார்கள், இயக்குநர் கற்பனை செய்யவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘தீரன்’ வெளிவந்து ஒரு மாதம்கூட ஆகாத 2017 டிசம்பரில் நடந்ததை நினைத்துப்பார்க்க வேண்டும். சென்னை கொளத்தூர் நகைக்கடைக் கொள்ளையரைப் பிடிக்க ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துக்குப் போன ஆய்வாளர் பெரியபாண்டியன் அங்கே குண்டு பாய்ந்து இறந்தார். தமிழ்நாடே படத்தின் காட்சியை நிஜத்தில் பார்த்ததாக நினைத்தது. கொள்ளையர்கள் சுட்டுவிட்டார்கள் என்றே முதலில் செய்தி பரவியது. சக அதிகாரியின் துப்பாக்கியிலிருந்து தவறுதலாகப் பாய்ந்த குண்டே காரணம் என்ற முடிவுக்கு ராஜஸ்தான் போலீஸ் பின்னர் வந்தது. அந்த அதிகாரியின் தியாகம் இதனால் குறையவில்லை. அறியாத ஊரில், இருட்டில், குழப்பத்தின் நடுவே காவலர்களை எது கொல்கிறது என்பது திரை சொன்னதைவிடச் சிக்கலானது என்றே இது காட்டுகிறது. அந்தச் சிக்கலில்தான் நல்ல திரைக்கதை இருக்கிறது. ஊரே சேர்ந்து பாயும் காட்சி அதை எழுதாமல் தப்பிக்கும் வழி.

இன்னொரு மறுப்பு, தயாரிப்பாளர் அறையில் உடனே கேட்கக்கூடியது: தாளும் ரிமாண்டும் யார் பார்ப்பார்கள்? பார்த்திருக்கிறார்கள். திலீஷ் போத்தனின் ‘தொண்டிமுதலும் திருக்சாட்சியும்’ (2017) முழுக்கவே ஒரு கைதியைக் காவலில் வைத்திருப்பதைப் பற்றியது. திருடன் தங்கச் சங்கிலியை விழுங்கிவிட்டான், அது வெளியே வரும்வரை ஸ்டேஷனே காத்திருக்கிறது. சாட்சியும், தொண்டி எனப்படும் திருட்டுப் பொருளும் தாளில் பொருந்தவேண்டுமே என்ற போலீஸ்காரர்களின் தவிப்பு எந்தக் கார் துரத்தலுக்கும் குறைந்ததில்லை. ராஜீவ் ரவியின் ‘குற்றமும் சிக்‌ஷயும்’ (2022) நேராக நம் கதைவகைக்குள்ளேயே வருகிறது: கேரளப் போலீஸ் நகைக்கொள்ளையர்களைத் தேடி உத்தரப் பிரதேசம் போகிறது. எழுதியவர்களில் ஒருவரான சிபி தாமஸ் தாமே காவல் அதிகாரி. பெரிய சண்டை இல்லை, காத்திருப்புதான் அதிகம், உள்ளூர்ப் போலீஸின் தயவுக்காக நிற்பதே பாதி வேலை. இந்தப் படத்துக்கும் குறை உண்டு. அலுப்பைக் காட்டுகிறேன் என்று பார்ப்பவனையும் அலுக்கவைக்கும் பகுதிகள் இருக்கின்றன, ‘கண்ணூர் ஸ்குவாட்’ பெற்ற வரவேற்பில் ஒரு பங்குகூட அதற்குக் கிடைக்கவில்லை. அதற்காகத் தாளைக் குறை சொல்வது நியாயமில்லை. காத்திருப்பவனுக்கு எதை இழக்கும் பயம் என்பதைப் படம் போதுமான அளவு ஊன்றவில்லை. ‘தொண்டிமுதல்’ அதை ஊன்றியது.

பழிவெறி பிடித்தவனை ஏன் பத்திரமாகக் கொண்டுவரவேண்டும், வழியிலேயே முடித்தால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். விசில் அடிக்கும் கூட்டம் மட்டும் இதைக் கேட்கவில்லை, என்கவுன்டர் செய்தியைக் கொண்டாடும் படித்தவர்களும் கேட்கிறார்கள். அறத்தை விட்டுவிட்டு வெறும் காரியக் கணக்காகவே பார்ப்போம். 1995இல் புருலியாவில் விமானத்திலிருந்து ஆயுதங்களைப் போட்ட வழக்கில் தேடப்பட்ட கிம் டேவியை ஒப்படைக்க டென்மார்க் அரசு சம்மதித்தும், அங்குள்ள உயர் நீதிமன்றம் 2011இல் மறுத்துவிட்டது. இந்தியக் காவலில் சித்திரவதை நடக்கும் ஆபத்து உண்டு என்பது அது சொன்ன காரணம். மும்பைக் குண்டுவெடிப்பு வழக்கின் அபு சலேமை 2005 நவம்பரில் போர்ச்சுகல் அனுப்பிவைத்தது. மரண தண்டனை கிடையாது, 25 ஆண்டுகளுக்கு மேல் சிறை கிடையாது என்று இந்தியா கொடுத்த வாக்கின் பேரிலேயே அனுப்பியது. அந்த வாக்குக்கு அரசு கட்டுப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. எந்தக் குற்றத்துக்காக ஒப்படைத்தார்களோ அதற்கு வெளியே, அந்த நாட்டின் சம்மதம் இல்லாமல் விசாரிக்கக்கூடாது என்று 1962ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு சொல்கிறது. ஆக, திரையில் கைத்தட்டல் வாங்கும் ஒவ்வோர் அடியும், நிஜத்தில் நடந்தால், அடுத்த குற்றவாளியை ஏதோ ஒரு நாட்டில் பத்திரமாக உட்காரவைத்துவிடும். டேனிஷ் நீதிபதிகள் நம் படங்களைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. நம் படங்கள் கொண்டாடும் அதே பழக்கத்தைத்தான் அவர்கள் தாள்களில் படித்தார்கள்.

இந்தக் கதைவகைக்கு வேண்டிய கச்சாப்பொருள் கொச்சியிலேயே கிடக்கிறது என்பதுதான் ஆச்சரியம். 2018 டிசம்பரில் பனம்பிள்ளி நகரில் ஒரு அழகு நிலையத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மிரட்டல் தொலைபேசி அழைப்புகளுக்குப் பின்னால் நிழலுலகத் தாதா ரவி பூஜாரியின் பெயர் வந்தது. 2019 ஜனவரியில் செனகல் நாட்டில் அவர் பிடிபட்டார், புர்கினா ஃபாசோவின் பாஸ்போர்ட்டும் அந்தோனி பெர்னாண்டஸ் என்ற பெயருமாக. ஓராண்டுக்கும் மேல் ஆப்பிரிக்காவில் இழுத்தடித்த பிறகு, 2020 பிப்ரவரியில் கர்நாடகப் போலீஸ் அதிகாரிகள் அவரைப் பெங்களூருக்குக் கொண்டுவந்தார்கள். கேரளப் போலீஸ் காத்திருந்து, நீதிமன்ற உத்தரவோடு காவலில் எடுத்துக் கொச்சிக்குக் கொண்டுவந்தபோது 2021 ஜூன் ஆகிவிட்டது. அதற்கிடையில் 2019 ஜூலையில், கொல்லம் ஆணையர் மெரின் ஜோசப் ஒரு குழந்தைப் பாலியல் வழக்கில் குற்றம்சாட்டப்பட்டுத் தேடப்பட்டவரைக் கொண்டுவர ரியாத் போனார். இந்தியாவும் சவுதி அரேபியாவும் 2010இல் செய்துகொண்ட உடன்படிக்கை அந்தப் பயணத்துக்கு வழிவிட்டது. இந்த இரண்டையும் படமாக்க வந்தால் திரைக்கதை விவாதத்தில் முதலில் வெட்டப்படுவது எது என்று யோசித்தால் போதும்: செனகல் நீதிமன்றத்தின் வாய்தாக்கள் போகும், பெங்களூருக்கும் கொச்சிக்கும் இடையே யாருடைய கைதி என்ற இழுபறி போகும், ரியாத்திலிருந்து கொண்டுவருவதற்கான ஒப்படைப்புத் தாள் போகும். பெண் அதிகாரிக்குப் பதில் நட்சத்திரம் வருவார். அந்த இடைவெளிகளை நிரப்ப செனகல் தலைநகர் டக்காரின் ஒரு தெருவில் கத்தியோடு நூறு துணை நடிகர்களை நிறுத்துவார்கள்.